கேட்வே ஆர்ச்: உச்சியில ஏறின கடைசித் துண்டு

கவி: மாமா, அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல இருக்கிற கேட்வே ஆர்ச், அந்தப் பெரிய எஃகு வளைவோட பழைய போட்டோ பாருங்க. 1965 அக்டோபர் 28. வளைவோட ரெண்டு காலையும் உச்சியில சேர்க்கிற கடைசித் துண்டை ஏத்துறப்போ எதுக்கு ஃபயர் ஹோஸ்ல தண்ணி அடிக்கிறாங்க?

சேகர் மாமா: வெயிலும்மா. தெற்குக் கால்ல வெயில் விழுந்து எஃகு சூடாகி நீண்டுடுச்சு. மேல விட்டிருந்த இடைவெளி எட்டரை அடி, துண்டு எட்டடி. வெயில்ல அந்த இடைவெளி 5 அங்குலம் குறைஞ்சு போச்சு. அதான் தண்ணி அடிச்சு காலைக் குளிர வெச்சாங்க. பத்து மணிக்கு வெச்சிருந்த வேலையை அரைமணி முன்னாடியே தொடங்கிட்டாங்க.

வாசு அண்ணன்: அதனாலதான் சர்வே, அதாவது கால் சரியா நிக்குதான்னு அளக்கிறது, முழுக்க ராத்திரியில. பகல்ல ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் நிழல். கால் லேசா வளைஞ்சு நிக்கும், அளவு தப்பும். அடியில 1/64 அங்குலத்துக்கு மேல பிசகினா உச்சியில ரெண்டும் சேராதுன்னு கணக்கு.

கவி: அதுவரைக்கும் ரெண்டு காலும் தனித்தனியா எப்படி நின்னுச்சு? சாரம் கட்டினாங்களா?

சேகர் மாமா: சாரமே இல்ல. ஒவ்வொரு துண்டும் சமபக்க முக்கோணம். பக்கம் அடியில 54 அடி, உச்சியில 17. சுவர் ரெட்டை: வெளிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1/4 அங்குலம், உள்ள கார்பன் ஸ்டீல் 3/8 அங்குலம். 300 அடி வரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல கான்கிரீட். தனியா தூண் கிடையாது, சுவரே பாரம் தாங்குது. காலோட வெளிப்பக்கத்துல தண்டவாளம் போட்டு கிரேன் அதுலயே மேல ஏறும். 530 அடியில குறுக்கே ட்ரஸ் (எஃகுச் சட்டம்) போட்டு ரெண்டு காலையும் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த ட்ரஸ் இல்லாம மேல கட்டியிருக்கவே முடியாது.

செல்வி அக்கா: உயரமும் 630 அடி, அகலமும் 630 அடி. பாக்க உயரம்தான் அதிகமா தெரியும் 🙂 டிசைன் ஈரோ சாரினென்னு ஒரு கட்டடக் கலைஞர், போட்டி வெச்சுத் தேர்ந்தெடுத்தாங்க. முதல் சுற்றுல தேர்வான தந்தி தப்பா அவங்க அப்பா எலியேல் பேருக்கு வந்துடுச்சு, அவரும் அதே போட்டியில இருந்தார்! ஈரோ 1961லயே இறந்துட்டார். ஆர்ச் எழும்ப ஆரம்பிச்சது 1963.

வாசு அண்ணன்: ஆத்தங்கரையில சுமார் 40 பிளாக் இடிச்சுத்தான் அந்த இடம் கிடைச்சது. கறுப்பினத் தொழிலாளிகளுக்கு வேலை தரலன்னு 1964 ஜூலையில பெர்சி கிரீன், ரிச்சர்ட் டேலின்னு ரெண்டு போராளிகள் ஆர்ச்சுல 125 அடி ஏறிப் போராடினாங்க. இதை விட்டுட்டு ஆர்ச்சைப் பத்திப் பேசுறது சரியில்ல.

கவி: ஆமாண்ணா. கால் வளைஞ்சிருக்கே, உச்சிக்குப் போக உள்ள லிஃப்ட் எப்படி?

சேகர் மாமா: சாதா லிஃப்ட் பாதி வழியில சாய்ஞ்சிடும். டிக் பவுசர்னு ஒருத்தர், இன்ஜினீயரிங் டிகிரி கிடையாது. கொடுத்த டைம் ரெண்டே வாரம். பாதி லிஃப்ட், பாதி ராட்டினம்னு பண்ணிட்டார். வளைவுல போறப்போ பெட்டி ஒவ்வொண்ணும் திரும்பித் திரும்பி நேரா நிக்கும், அப்போ ஒரு குலுக்கு குலுக்கும். பெட்டிங்க ட்ரெயின் மாதிரி கோர்த்திருக்கும், ஒரு ட்ரெயினுக்கு 8 பெட்டி, பெட்டிக்கு 5 பேர். ஏற 4 நிமிஷம், இறங்க 3.

செல்வி அக்கா: கதவு நாலடிதான், குனிஞ்சுதான் நுழையணும். பெட்டிக்குப் போகவும் மேல இறங்கினப்புறமும் படி இருக்கு. வீல்சேர் மேல போகாது. முட்டி வலி இருக்கிறவங்களைக் கீழ மியூசியத்துலயே உக்கார வைங்க.