ஆங்கிலோ-சாக்சன் மரவீடுகளைத் தேட மின்தடை ஆய்வு: பலன் உண்டா, வெட்டிவேலையா?

காந்தமுள்:
நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான ஆங்கிலோ-சாக்சன் (ரோமர் ஆட்சிக்குப்பின் குடியேறிய ஜெர்மானிய மக்கள்) குடியிருப்பைத் தேட மண் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மின்தடைமானியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்குவது வெட்டிவேலை. அந்தக் காலத்து வீடுகளில் கல் இல்லை, செங்கல் இல்லை, சாந்து இல்லை. மரத்தூண், பலகை, மண்பூச்சு, வேய்ந்த கூரை, அவ்வளவுதான். மரம் மக்கியபின் மிஞ்சுவது தூண் நட்ட குழியும் குழிவீட்டின் பள்ளமும்தான். தரையில் பள்ளம் தோண்டி அதன்மேல் எழுப்பிய குழிவீடு ஏறத்தாழ 4 மீட்டருக்கு 3 மீட்டர் இருக்கும், ஆழம் பெரும்பாலும் அரை மீட்டருக்குள். வீட்டைக் கைவிட்டபின் சாம்பல், எலும்பு, உடைந்த பானை என்று ஊர்க்குப்பையெல்லாம் அதற்குள் போய்ச் சேரும். தீப்பட்ட மண்ணும் குப்பைமண்ணும் சுற்றுமண்ணைவிடக் கூடுதலாகக் காந்தமேறும். மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் ஃபிளக்ஸ்கேட் காந்தமானியோடு 1 மீட்டர் இடைவெளிக் கோடுகளில், 0.25 மீட்டருக்கு ஓர் அளவு என்று நடந்தாலே குழிவீடு படத்தில் திட்டாக விழுந்துவிடும். யார்க்‌ஷயரின் பிக்கரிங் பள்ளத்தாக்கில், வெஸ்ட் ஹெஸ்லர்டனைச் சுற்றி, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இப்படித்தான் அளந்தார்கள். மின்தடையில் இதற்கு ஆயுள் போதாது.

ஓம்விதி:
குழிவீட்டோடு கணக்கை முடித்துவிட்டீர்களே, நண்பரே. தரையில் தூண் நட்டுக் கட்டிய பெரிய கட்டடங்களான கூடங்கள் என்னவாயின? சஃபோக்கின் வெஸ்ட் ஸ்டோவில் முழுசாகத் தோண்டியதில் சுமார் 70 குழிவீடுகளோடு 7 தூண்கூடங்கள் வந்தன. எஸெக்ஸின் மக்கிங்கில் 200க்கு மேல் குழிவீடு, 50க்கு மேல் தூண்கட்டடம். ஆட்கள் குடியிருந்தது கூடத்தில். கூடத்தின் தரையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். தூண்குழிக்குள் குப்பை விழ வழியில்லை. அதனால் உங்கள் காந்தமானிக்குக் கூடம் தெரியாது. குழி மட்டும் தெரிகிற படத்தை வைத்து ‘இதுதான் ஊர்’ என்று வரைந்துவிடுவீர்கள்.

7ஆம் நூற்றாண்டுப் பெருங்கூடங்களில் தூண்களைத் தனித்தனிக் குழியில் நடாமல், சுவர்ப்பள்ளம் என்று நீளப் பள்ளம் வெட்டி அதில் பலகையை வரிசையாக நிறுத்துவது உண்டு. ஹாம்ப்‌ஷயரின் கௌடரிஸ் டவுனில் சி12 என்று எண்ணிட்ட கட்டடம் 22 மீட்டர் நீளம். நார்தம்பர்லாந்தின் யீவரிங்கை 1949இல் வானிலிருந்து கண்டுபிடித்தார்கள். வறண்ட கோடையில் பள்ளத்தின் மேலிருந்த பயிர் வேறு நிறம் காட்டியதுதான் காரணம், அதாவது ஈர வேறுபாடு. மின்தடைமானி அளப்பதும் அதே ஈர வேறுபாட்டைத்தான். வானிலிருந்து தெரிகிற கூடம் மின்தடைமானியின் கம்பிக்குத் தெரியாது என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. இப்போது இங்கிலாந்து வயல்களில் தோட்டக்கழிவு உரத்தை லோடு லோடாகக் கொட்டுகிறார்கள். அதில் பாட்டில் மூடி, கம்பித்துண்டு, பேட்டரி எல்லாம் கலந்து கிடக்கும். அப்படிப்பட்ட வயலில் காந்தமானியின் படம் உளுத்தம்பருப்பில் எள்ளைக் கொட்டியதுபோல் இருக்கும். மின்தடைக்கு அந்தத் தொல்லை இல்லை.

தாழி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். போர்வெல் போட இடம் பார்க்க நான்கு கம்பி குத்தி அளக்கிறார்களே, அதே முறைதானா இது? அப்படியானால் பத்து இருபது மீட்டர் ஆழமல்லவா வரும்?

ஓம்விதி:
அதே தத்துவம்தான். அங்கே கம்பிகளை அகல நகர்த்துவது ஆழத்துக்காக. இங்கே தேவை மேல் முக்கால் மீட்டர் மட்டும். ஆகவே கம்பிகள் நெருக்கமாக, இடமோ பரவலாக. வழக்கமான அமைப்பு இரட்டைமுனை. கையில் தூக்கும் சட்டத்தில் 0.5 மீட்டர் இடைவெளியில் ஒரு மின்னோட்ட முனையும் ஓர் அழுத்த முனையும் இருக்கும். இன்னொரு ஜோடியைத் தொலைவில் நட்டுவிட்டுக் கேபிளால் இணைப்போம். அந்தத் தொலைமுனைகள் சட்டத்திலிருந்து எப்போதும் 15 மீட்டருக்குக் குறையக்கூடாது, அதாவது முனை இடைவெளியின் 30 மடங்கு. கிட்டே வந்தால் அளவில் தூரத்தின் பாதிப்பு ஏறும். படத்தில் தொலைமுனையைச் சுற்றி இல்லாத சரிவு ஒன்று தோன்றும். மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர், மாறுதிசை, 137 ஹெர்ட்ஸ். நேர்மின்னோட்டம் கொடுத்தால் முனையில் வேதிவினை நடந்து அளவு நகரும். 50 ஹெர்ட்ஸைத் தொடாமல் இருப்பது மின்வாரியக் கம்பியின் இரைச்சலைத் தவிர்க்க. முனையை 3 முதல் 5 சென்டிமீட்டர் குத்தினால் போதும்.

எல்லோரும் தவறுகிற இடம் தொலைமுனையை மாற்றுகிற நேரம். அளவு = மண்ணின் தன்தடை ÷ 2π × (1/சட்ட இடைவெளி + 1/தொலைமுனை இடைவெளி). மண் 100 ஓம்-மீட்டர், சட்டம் 0.5, தொலைமுனைகள் 1 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 48 ஓம். தொலைமுனைகளுக்கு இடையே 2 மீட்டர் விட்டால் அதே இடம் 40 ஓம் காட்டும். புதிய இடத்தில் மண் வேறாக இருந்தாலும் இதேபோல மொத்தப் படமும் ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும். ஆகவே சட்டத்தை ஓர் இடத்தில் குத்தியபடியே வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைமுனைகளைப் புது இடத்தில் நட்டு, பழைய அளவு வரும்வரை அவற்றின் இடைவெளியைக் கூட்டிக் குறையுங்கள். இதைச் செய்யாமல் ‘கணினியில் ஓரம் ஒட்டிக்கொள்ளலாம்’ என்று விட்டவர்களின் படத்தில் வயலைப் பிரித்து அளந்த சதுரக் கட்டங்களுக்கு நடுவே தையல் தெரியும். சுவர்ப்பள்ளம் சரியாக அந்தத் தையலில் விழுந்தால் போயிற்று.

காந்தமுள்:
பாடம் நன்று. இப்போது கூடத்துக்கு வருவோம். தூண்குழியின் விட்டம் 0.3, மிஞ்சினால் 0.5 மீட்டர். சுவர்ப்பள்ளம் அரை முதல் 1 மீட்டர் அகலம். 0.5 மீட்டர் சட்டம் எதையும் தன் அகலத்துக்குக் குழப்பித்தான் காட்டும். வழக்கம்போல 1 மீட்டருக்கு ஓர் அளவு எடுத்தால் தூண்குழிகள் அளவுகளுக்கு நடுவே நழுவிவிடும். ஒன்றிரண்டு சிக்கினாலும் எலிவளையா தூண்குழியா என்று யார் சொல்வது?

சரி, நெருக்கமாக அளக்கலாம் என்பீர்கள். 20 மீட்டர் கட்டத்தில் 0.5 × 0.5 என்றால் 1,600 அளவு. ஒரு ஹெக்டேருக்கு 25 கட்டம், 40,000 அளவு. குத்தி, எடுத்து, நகர இரண்டரை நொடி வைத்தால்கூட 28 மணிநேரம். கயிறு இழுப்பது, கேபிள் சிக்கெடுப்பது, மழைக்கு ஒதுங்குவது எல்லாம் சேர்ந்தால் ஒரு வாரம். அதே ஹெக்டேரைக் காந்தமானி அரை நாளில் முடித்துவிடும். வானப்படத்தோடு ஒப்பிட்டீர்களே, அதில் ஒரு புள்ளி சில சென்டிமீட்டர். உங்கள் புள்ளி அரை மீட்டர். ஈரம் ஒன்றுதான், கண்ணாடி வேறு.

சுண்ணாம்புத்தரை:
இருவருமே மண்ணைப் பற்றிப் பேசவில்லை. சரளை, சுண்ணாம்புப்பாறை இவற்றில் வெட்டிய குழிக்குள் மட்கிய மண் நிறைந்தால் அது ஈரம் பிடிக்கும், சுற்றிலும் வடிந்துவிடும். தடை குறைந்த திட்டாகத் தெரியும். களிமண்ணில் வெட்டிய குழியில் அதே களிமண்ணே திரும்ப விழுந்திருக்கும். ஈரத்தில் வேறுபாடு இல்லை, அளப்பதற்கு ஒன்றுமில்லை.

பருவம் அதைவிட முக்கியம். குளிர்காலத்தில் மண் நீர்பிடித்து ஊறியிருக்கும்போது வேறுபாடு கரைந்துபோகும். நீண்ட வறட்சிக்குப்பின் பயிர் உறிஞ்சி முடித்த நிலையில், குழி சுற்றுமண்ணைவிட வறண்டு, குறைதடை மிகைதடையாகப் புரண்டு நிற்பதும் உண்டு. இடையில் எங்கோ இரண்டும் சமமாகிற வாரங்கள் வரும். அந்த வாரத்தில் போனால் வெற்றுப்படம்தான். பாதி வயலை மழைக்கு முன்னும் மீதியை மழைக்குப் பின்னும் அளந்தவர் இரண்டு வேறு வயல்களை அளந்தவர். கொளுத்துகிற கோடையில் வெஸ்ட் ஸ்டோவ் போன்ற மணலில் இன்னொரு தொல்லை: முனை மண்ணைச் சரியாகப் பற்றாமல் கருவி எல்லை மீறிக் கத்தும். தொலைமுனையடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றலாம். நகர்கிற முனைக்கு ஊற்ற முடியாது.

ஓம்விதிக்கு ஒரு கேள்வி. தெட்ஃபோர்டு பக்கத்து மண்ணில் பனியுகத்தில் நிலம் உறைந்து உருகியதால் உண்டான கோடுகளும் வலைகளும் ஏராளம். மரம் வேரோடு சாய்ந்த பள்ளமும் குழிவீட்டின் அளவில்தான் இருக்கும். மின்தடைப்படத்தில் மட்டும் இவற்றை எப்படிப் பிரிப்பீர்கள்?

ஓம்விதி:
மின்தடையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். காந்தப்படத்தில் வலுவாகவும் தடைப்படத்தில் குறைவாகவும் ஒரே 4 × 3 திட்டு வந்தால் குழிவீடாக இருக்கும் வாய்ப்பு கூடும். தடையில் மட்டும் வந்தால் மரப்பள்ளம் என்றே முதலில் எடுத்துக்கொள்வேன்.

நேரக்கணக்கில் மட்டும் மிகை. காந்தமுள் முழு வயலையும் அரை மீட்டரில் அளக்கச் சொல்கிறார். யாரும் அப்படிச் செய்வதில்லை. காந்தமானி முதலில் போகட்டும். குழிவீடுகள் கூட்டமாக நிற்கும், நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில் மட்டும் நான்கு அல்லது ஆறு கட்டம், அரை மீட்டரில். சட்டத்தில் மூன்று முனை வைத்தால் ஒரே குத்தில் இரண்டு அளவு. இரண்டு நாள் வேலை. தூண்குழியை ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். 20 மீட்டர் நீளத்துக்கு இரண்டு இணைகோடு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு புள்ளி எலிவளையாக இருக்கலாம். எலி இருபது மீட்டருக்குக் கயிறு கட்டி வளை தோண்டாது.

யீவரிங் போன்ற இடத்தில் இந்த வரிசையையே மாற்றுவேன். அங்கே சரளை செவியட் மலையின் எரிமலைப்பாறையிலிருந்து வந்தது. கல்லே காந்தமேறியது, காந்தமானிக்கு இரைச்சல் காத்திருக்கும்.

காந்தமுள்:
எரிமலைச் சரளைக்கு ஒத்துக்கொள்கிறேன். மற்ற இடங்களில் அந்த வெற்றிடத்துக்குத் தரைக்குள் ரேடியோ அலை அனுப்பிப் பார்க்கும் ராடார் போகட்டும். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா, கால் மீட்டர் கோடு. சரளையில் நன்றாக இறங்கும், படத்தை ஆழம் ஆழமாகச் சீவி எடுக்கலாம். சஃபோக்கின் ரெண்டில்‌ஷாமில் 2022இல் தோண்டி உறுதிசெய்த 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலக் கூடமும் முதலில் வானப்படத்தில் சிக்கியதுதான், கம்பியில் அல்ல.

சுண்ணாம்புத்தரை:
ராடாருக்கு உழுத கட்டிமண் ஆகாது, ஆன்டெனா துள்ளும். களிமண்ணில் அலை அமுங்கிவிடும். மின்தடைக்கு உழவுகூடச் சகிக்கும். கல் அஸ்திவாரமுள்ள 7ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய தேவாலயமென்றால் இந்த வாக்குவாதமே வேண்டாம்; மின்தடை முதலில் போகலாம். கல்லைப் பெயர்த்தெடுத்த பள்ளம்கூடத் தெரியும்.

தாழி:
அப்படியானால் வடிகட்டி போட்டுத் தெளிவாக்க முடியாதா? மெதுவாக மாறும் பின்னணியை நீக்கிச் சிறு மாற்றங்களை மட்டும் விடும் உயர்கடப்பு வடிகட்டி (high-pass filter) என்று ஒன்று சொல்கிறார்களே?

ஓம்விதி:
போடலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. முதலில் தனியாகத் துருத்தும் அளவுகளை நீக்குங்கள், பிறகு கட்ட ஓரங்களைச் சமன்செய்யுங்கள், கடைசியில்தான் வடிகட்டி. வடிகட்டி ஒரே நேரத்தில் பார்க்கும் பரப்பான ஜன்னலின் அளவு கூடத்தின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். சிறிதாக வைத்தால் வலுவான திட்டு ஒவ்வொன்றையும் சுற்றி எதிர்நிற ஓரம் ஒன்று முளைக்கும். அந்த ஓரத்தைச் சுவர்ப்பள்ளம் என்று நினைத்து அகழ்வுக்குழி போட்டால் வெறும் சரளைதான் கிடைக்கும். வடிகட்டாத படத்தையும் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள்.

பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக இருந்தால் கம்பி குத்துவதற்கு முன்பே 1979ஆம் ஆண்டுத் தொல்நினைவிடங்கள் சட்டத்தின் 42ஆம் பிரிவில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். காந்தமானிக்கும் அதே அனுமதிதான். அதில் மட்டும் காந்தமுள்ளுக்கும் எனக்கும் சண்டை வராது.

காந்தமுள்:
வராது. ஆனால் அந்த விண்ணப்பத்தில் ‘மின்தடை, முழு வயல், 1 மீட்டர்’ என்று எழுதியிருந்தால் நான் எதிர்ப்பேன். ‘வெற்றிடம், ஆறு கட்டம், அரை மீட்டர், சரளை, மழைக்கு முன்’ என்றால் பேசாமல் இருப்பேன்.