சிறுநீரக ஸ்கான் இறுவட்டில் கறுப்புச் சதுரம் மட்டுமே தெரிகிறது: அவசரம்

உப்புவெளியான்:
கண்டிக்குப் போய் எடுத்துவந்த அம்மாவின் ஸ்கானை வீட்டுக் கணனியில் திறந்தால், கறுப்புச் சதுரம் ஒன்றைத் தவிர எதுவுமில்லை. கொழும்பிலுள்ள வைத்தியருக்கு நாளை காலைக்குள் அனுப்பியாக வேண்டும். என்ன செய்யலாம்?

மூதூர் மைந்தன்:
என்ன ஸ்கான், எந்த மென்பொருள் என்று சொல்லாமல் கேட்டால் எப்படி, தம்பி? திருகோணமலை உப்புக்காற்றுக்கு இறுவட்டு தாங்காது என்பது என் அனுபவம். கோப்புகளை முதலில் கணனிக்குப் பிரதிசெய்து பாருங்கள்.

உப்புவெளியான்:
உறையில் டிடிபிஏ என்று எழுதியிருக்கிறது. பிரதி எடுத்தும் அதே கறுப்புத்தான். படத்தின் அளவு 128-க்கு 128 புள்ளிகள் என்று காட்டுகிறது.

பழைய நெறியாளர்:
இதற்கு இங்கே முன்பே விடை சொல்லியாயிற்று; தேடிப் பார்க்கும் பழக்கம்தான் எவருக்கும் இல்லை. சிறுநீரகங்கள் எப்படி வேலைசெய்கின்றன என்று பார்க்கும் டிடிபிஏ பரிசோதனையில், டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை நாளத்தில் ஏற்றிய கணத்திலிருந்து, உடலிலிருந்து வரும் காமாக் கதிர்களைக் காமா கமரா இருபது முப்பது நிமிடங்கள் எண்ணிக்கொண்டே இருக்கும். கணனி அவ்வெண்ணிக்கைகளைச் சட்டகம் சட்டகமாக, அதாவது தனித்தனிப் படங்களாகப் பிரித்து, அனைத்தையும் ஒரே டைகொம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) கோப்புக்குள் அடுக்கிவைக்கும். நீங்கள் பார்ப்பது ஓரிரு விநாடிகளே நீடித்த முதற்சட்டகம். மருந்து அப்போது சிறுநீரகத்தை எட்டியே இராது. உருள்பட்டையை நகர்த்துங்கள்.

கின்னியா வாசகி:
பிரகாச எல்லையையும் குறைக்க வேண்டும், ஐயா. சி.ரி. (எக்ஸ்கதிரால் எடுக்கும் குறுக்குவெட்டுப் படம்) படத்துக்குரிய எல்லையை வைத்திருந்தால், புள்ளிக்குச் சில பத்து எண்ணிக்கைகளே உள்ள சட்டகம் நடுவிலும் இருண்டே கிடக்கும்.

மூதூர் மைந்தன்:
128-க்கு 128 புள்ளிகள்தானா? சி.ரி.யில் 512 வருமே. இயந்திரம் பழசு போலும்.

பழைய நெறியாளர்:
இயந்திரத்தின் வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இருக்கிற சொற்ப எண்ணிக்கைகளை மேலும் சிறிய புள்ளிகளுக்குப் பங்கிட்டால் இரைச்சல்தான், அதாவது பொருளற்ற புள்ளிச் சிதறல்தான் மிஞ்சும்.

கின்னியா வாசகி:
படங்கள் மட்டும் போதா. மொத்த வேலையில் இடது, வலது சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் செய்யும் பங்கு விழுக்காடு அவற்றில் இல்லை. ஒருவர் சிறுநீரகத்தைச் சுற்றி எல்லை வரைந்து, பின்னணி எண்ணிக்கையைக் கழித்த பிறகே கணனி அதைக் கணிக்கிறது. என் தந்தையாரின் ஒரே தரவில் இருவர் எல்லை வரைந்தபோது, இடது சிறுநீரகம் ஒருமுறை 42, மறுமுறை 45 என்று வந்தது.

பழைய நெறியாளர்:
மூன்று விழுக்காட்டுக்கு எந்த வைத்தியரும் பதறமாட்டார்.

கின்னியா வாசகி:
பதறியவர் வைத்தியரல்லர், என் தந்தையார்.

உப்புவெளியான்:
உருள்பட்டையை நகர்த்தினேன், இரண்டு அவரை விதைகள் போலத் தெளிந்து வந்தன. பங்கு விழுக்காடு குறித்து உறைக்குள் மடித்திருந்த வளைகோட்டுத் தாளையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். நன்றி.

மூதூர் மைந்தன்:
எதற்கும் இறுவட்டுக்கு இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். உப்புக்காற்று.