மே மாதத்தில் ஜூன் மாதத்துப் படம்: ஒரு வாடகைக் கேசட் வழக்கு

கெடிலக்கரை:
பாடலிபுத்திரன் அவர்கள் முந்தாநாள் எழுதிய கோடை நினைவுகளை வாசித்த பிறகு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. 1989 மே மாதம், கத்திரி வெயில் அடங்காத ஓர் இரவில், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் தம் தாத்தா வீட்டு முற்றத்தில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் விடிய விடிய மூன்று படங்கள் பார்த்ததாக அவர் எழுதுகிறார். முதலில் ‘காதலிக்க நேரமில்லை’, அடுத்து ‘தில்லானா மோகனாம்பாள்’, கோழி கூவும் நேரத்தில் ‘கரகாட்டக்காரன்’. வாடகைக் கேசட்டில் பார்த்த படங்களுள் என்றைக்கும் முதலிடம் அந்த மூன்றாவது படத்துக்கே என்று முத்திரையும் குத்தியிருக்கிறார். அவருடைய விருப்பத்தோடு எனக்கு வழக்கு இல்லை. 1964-ல் வந்த படத்தையும் 1968-ல் வந்த படத்தையும் 1989 மே மாதத்தில் எவரும் பார்த்திருக்கலாம். ஆனால் ‘கரகாட்டக்காரன்’ திரைக்கு வந்தது 1989 ஜூன் 16, வெள்ளிக்கிழமை. தியேட்டருக்கே வராத படம் புலியூர் முற்றத்துக்கு மட்டும் எந்த வழியாக வந்தது என்று அவர் விளக்கினால், அதை இயக்கிய கங்கை அமரனுக்கே அது புதுச் செய்தியாக இருக்கும்.

பாடலிபுத்திரன்:
வணக்கம், கெடிலக்கரையாரே. நான் எழுதியது ஒரு கோடையின் சுகத்தைப் பற்றி. பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தை அரிந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அத்தை சுளை எடுத்துக் கொடுத்ததையும், தெருவில் பாதிப் பேர் எங்கள் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருந்ததையும், மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்ததையும் எழுதியிருந்தேன். அவை எதுவும் உங்கள் கண்ணில் படவில்லை. தேதி மட்டும் பட்டிருக்கிறது. வடகம் எந்த மாதத்தில் இடுவார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வடகம் காய்ந்தது; ஆகவே அது மே மாதம்தான்.

கெடிலக்கரை:
சாட்சிக் கூண்டில் வடகம் ஏறியிருப்பதை மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். ஆனால் ஆனி மாதத்திலும் எங்கள் ஊரில் வெயில் குறைவதில்லை, பலாப்பழமும் தீர்ந்துவிடுவதில்லை. சாட்சி சொல்ல வேண்டியது படம் வெளியான தேதி. அது ஜூன் 16.

முதுநகர்:
இதில் இவ்வளவு சண்டைக்கு என்ன இருக்கிறது? அடுத்த ஆண்டுக் கோடையாக இருக்கும். 1990 மே என்று திருத்திக்கொண்டால் படமும் இருக்கும், வடகமும் இருக்கும், இருவருக்கும் மரியாதையும் இருக்கும்.

பாடலிபுத்திரன்:
திருத்த முடியாது, அண்ணா. அந்த முற்றத்தில் நடுநாயகமாக ஈசிச்சேரில் உட்கார்ந்திருந்தவர் என் தாத்தா. வாழைப்பழக் காட்சியில் செந்தில் “அதுதாண்ணே இது” என்று சொன்னபோது, வாயில் குதப்பியிருந்த வெற்றிலைச் சாறு வேட்டியில் வழிய வழியச் சிரித்தவர் அவர். கேசட்டை நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்தக் காட்சியை மட்டும் மூன்று முறை போடச் சொன்னார். 1990 தை மாதத்தில் அவர் காலமாகிவிட்டார். ஆகவே 1990 மே என்பது நடக்காத காரியம். இந்தப் படத்துக்கு நான் ஏன் முதலிடம் கொடுத்தேன் என்பதற்கும் இதுவே காரணம். கவுண்டமணிக்காகவும் இளையராஜாவின் பாட்டுக்காகவும் ஊரே முதலிடம் கொடுக்கும். நான் கொடுப்பது அந்த வேட்டிக் கறைக்காக.

கெடிலக்கரை:
தங்கள் தாத்தாவின் நினைவை நான் வணங்குகிறேன். அவர் சிரித்ததை நான் மறுக்கவே இல்லை. ஜூன் 16-க்கு முன்னால் அந்தப் படத்துக்காகச் சிரித்திருக்க முடியாது என்பதை மட்டும் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரின் பழம்பெயரான பாடலிபுத்திரத்தையே புனைபெயராகச் சூடியிருக்கிறீர்கள். ஆகவே அந்த ஊரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோதும் மிதந்து கரையேறியவர் அப்பர். உங்கள் மே மாதம் அப்படி மிதக்கக்கூடியதன்று.

முத்தியால்பேட்டை மருமகள்:
இருவரும் தேதியோடு மல்லுக்கட்டுகிறீர்கள். நடுவில் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்று ஒரு படம் இருந்ததே, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை? எங்கள் வீட்டில் டெக் எடுத்துவரும் நாளில் ஆண்கள் இரண்டு படங்களை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். அம்மாவுக்கென்று ஒரு படம் ஒதுக்குவதே பெரிய சலுகை. அம்மா ஒவ்வொரு முறையும் இதையே கேட்பார். நாகஸ்வரம் வாசிக்கும்போது சிவாஜியின் கன்னம் உப்புவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்த்து, அவரே வாசிக்கிறார் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதை வளர்ந்த பிறகே அறிந்தேன். ஆனால் அம்மா ஒரு முறைகூட அந்தப் போட்டிக் காட்சியை முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. சரியாக அந்த நேரத்தில் முற்றத்தில் இருப்பவர்கள் அனைவருக்கும் காப்பி கலக்க வேண்டியிருக்கும். அடுப்படியிலிருந்து காதால் மட்டும் கேட்பார். கோடை விடுமுறையில் பார்த்த படங்களின் பட்டியலை எழுதுகிறவர்கள், அந்தக் காப்பியை யார் கலந்தார்கள் என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

பாடலிபுத்திரன்:
அம்மா, நீங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. எங்கள் வீட்டில் அத்தைதான் கலந்தார். மே மாதம்தான்.

வில்லியனூர்:
எனக்கு ஒரு சிறு ஐயம். கோடை என்று நீங்கள் சொல்வது பள்ளி விடுமுறையையா, கத்திரி வெயிலையா, வெயில் அடிக்கும் எல்லா மாதங்களையுமா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மற்றபடி, நல்ல பிரிண்ட் வேண்டுமென்றால் கடலூர்க்காரர்கள் பேருந்தேறிப் புதுச்சேரிக்குத்தான் வருவார்கள். இருபது சொச்சம் கிலோமீட்டர் வந்து, எங்கள் கடைகளில் கேசட் எடுத்துக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன்.

முதுநகர்:
புதுச்சேரிக்கு நாங்கள் கேசட்டுக்காக வந்தோமா, வேறு சரக்குக்காக வந்தோமா என்பது முள்ளோடைச் சாவடியில் பேருந்தை நிறுத்திப் பைகளைத் துழாவியவர்களுக்குத் தெரியும். கேசட் பைக்கு மேலே இருக்கும், பாட்டில் கீழே இருக்கும். ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

வில்லியனூர்:
பாட்டிலை வாங்கியவர் எந்த ஊர்க்காரர் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்; மிக்க நன்றி.

பழைய டெக் கடை:
தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒரு சொல். மஞ்சக்குப்பத்தில் பதினோரு ஆண்டுகள் கடை வைத்திருந்தேன். டிவி, டெக், மூன்று கேசட் என்று மாலையில் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினால் மறுநாள் காலையில் திரும்ப வேண்டும். இ-180 என்று அட்டையில் போட்டிருக்கும் கேசட்டில் ஏறத்தாழ 258 மீட்டர் நாடா இருக்கும். மூன்று மணி நேரம் ஓடும். படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தால் மிச்ச நாடாவில் பாட்டுகளை நிரப்பிக் கொடுப்போம். ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்குப் படி எடுக்கவும் அதே மூன்று மணி நேரம் ஆகும். படியிலிருந்து படி எடுக்க எடுக்க நிறம் கரைந்து, கதாநாயகியின் சிவப்புப் புடவை பக்கத்தில் நிற்பவர் மேலும் வழியும். கடலோர ஊர் என்பதால் மழைக்காலம் முடிந்தால் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கும். அதை அப்படியே போட்டால், டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துத் திரையில் மழை பெய்யும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைப்பது எங்கள் அன்றாடப் பூசை.

இனி வழக்குக்கு வருகிறேன். புதுப் படம் தியேட்டருக்கு வந்த சில வாரங்களில், கொட்டகைக்குள் கேமராவை வைத்து எடுத்த பிரிண்ட் ஏதாவது ஒரு வழியில் ஊருக்குள் வந்துவிடும். முன்வரிசைக்காரர் எழுந்து போகும் நிழலும், கூட்டத்தின் விசிலும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். ஆகவே ஜூன் கடைசியில் அல்லது ஜூலையில் அவர் பார்த்திருக்கலாம். மே மாதத்தில் பார்த்திருக்க முடியாது.

கெடிலக்கரை:
தொழில் தெரிந்தவர் வாயாலேயே வந்துவிட்டது. இனி பாடலிபுத்திரன் அவர்களுக்கு மூன்று கதவுகள் இருக்கின்றன. மே மாதம் என்றால் படமே இல்லை. 1990 என்றால் தாத்தா இல்லை. 1989 ஜூலை என்றால் படமும் இருக்கிறது, தாத்தாவும் இருக்கிறார். ஆனால் பள்ளி திறந்துவிட்டதால் விடுமுறை இல்லை, கேசட்டும் திருட்டுக் கேசட். 1984-லேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோப் படங்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதை நினைவூட்டுகிறேன். எந்தக் கதவைத் திறக்கிறீர்கள்?

பாடலிபுத்திரன்:
என் தந்தை நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டு வாசற்படியைத் திருட்டுக் கேசட் ஒருநாளும் தாண்டியதில்லை. திரையில் எந்த நிழலும் எழுந்து போகவில்லை. தாத்தாவின் சிரிப்பைத் தவிர வேறு சிரிப்பும் கேட்கவில்லை. ஆகவே மூன்றாவது கதவை நீங்களே மூடிக்கொள்ளுங்கள்.

அது கிடக்கட்டும், உங்களுடைய உண்மையான கோபம் என்னவென்று எனக்குத் தெரியும். சென்ற மாதம் நீங்கள் “1989-ல் கடலூர் மாவட்டத்தில்” என்று எழுதியபோது, அப்போது கடலூர் மாவட்டமே கிடையாது, தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகராகத்தான் கடலூர் இருந்தது, மாவட்டம் பிரிந்தது 1993 செப்டம்பர் 30 அன்று என்று நான் திருத்தினேன். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

கெடிலக்கரை:
அந்தத் திருத்தத்தை நான் ஏற்றுக்கொண்டதாகவோ மறுத்ததாகவோ எங்கும் எழுதவில்லை. அது வேறு விஷயம். ஆனால் பாருங்கள், மாவட்டம் பிறந்த நாளை நாள், மாதம், ஆண்டு மூன்றோடும் ஒப்பிக்கத் தெரிந்த ஒருவருக்கு, தம் உயிருக்கு உயிரான படம் பிறந்த நாள் மட்டும் தெரியவில்லை. அடுத்தவர் எழுதிய ஆண்டைத் திருத்தும்போது அரசாணையைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஆண்டை நிரூபிக்கும்போது வடகத்தைக் கையில் எடுக்கிறீர்கள். அந்தக் கோடையில் ஓடிக்கொண்டிருந்த படம் எது தெரியுமா? ஏப்ரல் 14 அன்று வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’. அதைப் பார்த்ததாக எழுதியிருந்தாலாவது, தியேட்டரில் பார்த்ததைக் கேசட்டில் பார்த்ததாகக் குழப்பிக்கொண்டார் என்று விட்டிருப்பேன்.

முத்தியால்பேட்டை மருமகள்:
ஐயா, ஒரு மனிதர் தம் தாத்தாவின் சிரிப்பைப் பற்றி எழுதினார். நீங்கள் ஐந்தாவது முறையாகத் தேதியைப் பற்றி எழுதுகிறீர்கள்.

கெடிலக்கரை:
எண்ணிப் பார்த்தமைக்கு நன்றி, சகோதரி. தேதி சரியாக இருந்தால் ஒருமுறை எழுதினால் போதும். பிடிவாதம் இருந்தால் ஐந்து முறை போதாது. நினைவு என்பது யாருக்கும் இனிப்பானதுதான். எனக்கும் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலில் திரை கட்டிப் படம் போட்ட இரவுகள் நினைவில் இருக்கின்றன. ஆனால் எந்தப் படம், எந்த ஆண்டு என்று நிச்சயம் இல்லாததால் அதைப் பற்றி நான் எங்கும் எழுதியதில்லை. நிச்சயமில்லாததை எழுதாமல் இருப்பதும் ஒரு ஒழுக்கம்.

முதுநகர்:
இப்போது எழுதிவிட்டீர்களே.

வில்லியனூர்:
கோடை என்றால் எது என்று நான் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2004-ல் தமிழ்நாட்டில் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தபோது அந்தச் சட்டம் எங்கள் பக்கம் செல்லாது என்பதையும் சொல்ல வந்தேன், கேட்பார் இல்லை.

பாடலிபுத்திரன்:
நான் கடைசியாகச் சொல்கிறேன். மறுநாள் காலை டெக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது, கேசட்டைப் பின்னால் சுற்றிக் கொடுக்கவில்லை என்று கடைக்காரர் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டார். தாத்தா மூன்று முறை பின்னால் ஓட்டச் சொன்னதற்கு அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள் என்று அப்பா சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. வெயில் காலில் சுட்டது. செருப்பில்லாமல் ரிக்‌ஷாவின் பின்னால் ஓடினேன். இதற்குமேல் மே மாதத்துக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

பழைய டெக் கடை:
இரண்டு ரூபாய் வாங்கியது என் கடையாகத்தான் இருக்க வேண்டும். மற்றக் கடைகளில் ஒரு ரூபாய்தான். அப்படியானால் ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் புலியூரிலிருந்து திரும்பி வந்த ஒரு கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, உள்ளிருந்த படத்தை உருவிவிட்டு, யாருடைய கல்யாண வீடியோவையோ மாட்டி அனுப்பியிருந்தார்கள். அதற்கான நூற்றிருபது ரூபாய் இன்னும் என் கணக்கு நோட்டில் நிலுவையாக இருக்கிறது. உங்கள் தாத்தா வீடு எந்தத் தெரு என்று சொல்ல முடியுமா?

கெடிலக்கரை:
நோட்டு இன்னும் இருக்கிறதா? அப்படியானால், அண்ணா, அந்தப் பக்கத்தில் எந்த மாதம் எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.