புதுச்சேரியில் இரண்டு இரவுகள்: வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் தங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சென்னையிலிருந்து பேருந்தில் புறப்பட்டு, ஞாயிறு மாலை திரும்பும்படியாகப் புதுச்சேரி செல்ல இருக்கிறோம். தங்குமிடத்தை முடிவு செய்ய உங்கள் அனுபவம் எங்களுக்குத் தேவைப்படுகிறது.

வண்டி எடுக்காமல் நடந்தே ஊரைப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். மாலை முதல் மறுநாள் காலை வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை என்பதால், விடியற்காலையில் காந்தி சிலையிலிருந்து தெற்கே டூப்ளே சிலை வரை நிதானமாக நடப்பதைத்தான் இருவரும் மிகவும் எதிர்பார்த்திருக்கிறோம். அதற்கு, ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரமே அருகில் என்றாலும், வார இறுதியில் அங்கே வாடகை எங்கள் கைக்கு மீறிப் போய்விடுகிறது. அரவிந்தர் ஆசிரம விடுதிகள் தூய்மையானவை. ஆனால் இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். ஆரோவில் பக்கம் அமைதிதான், ஊரை விட்டு வெகுதூரம்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியை ஒட்டிய தமிழர் பகுதியில், திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூண்கள் சூழ்ந்த முற்றமும் மாறாமல் புதுப்பித்த பழைய வீடுகள் சில விடுதிகளாக இயங்குகின்றன. என் மனம் அங்கேதான் சாய்கிறது. அத்தகைய வீட்டில் தங்கியவர்கள், முற்றத்தை நோக்கிய அறைகளில் இரவில் பேச்சொலி உறக்கத்தைக் கெடுக்கிறதா, மாடியறை நல்லதா, ஞாயிறன்று காந்தி வீதியில் கூடும் சந்தையின் நெரிசல் அதுவரை எட்டுமா என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.