வின்சர் கடையில் இன்சுலின் வாங்க வந்தவர்கள்: அமெரிக்கா, கனடா அனுபவங்கள்

வின்சர்க்காரன்:
2019 கோடை. கனடாவில வின்சர் நகரத்தில ஒரு மருந்துக்கடையில வேலைக்கு நிண்டனான். அமெரிக்காவில டிட்ரோயிட் பக்கமிருந்து ஒரு தாய், பதினைஞ்சு வயசுப் பொடியனோட வந்து இன்சுலின் கேட்டா. இஞ்ச அதுக்கு டொக்டர் துண்டு தேவையில்லை. விலையைச் சொன்னன். ரெண்டாந்தரமும் கேட்டா. அப்ப அவையிட்ட ஒரு குப்பி 300 டாலருக்குக் கிட்ட. இஞ்ச கிட்டத்தட்ட பத்தில ஒரு பங்கு. பொடியன் ஒண்டும் கதைக்கேல்லை. குளிர்ப்பையில ஒவ்வொரு குப்பியா எண்ணி எண்ணி அடுக்கினான். 1921-ல ரொறன்ரோவில கண்டுபிடிச்ச மருந்து, கண்டுபிடிச்சவை உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் குடுத்தவை. அந்தப் பொடியன்ர கை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

மிச்சிகன் மதுரை:
அண்ணா, ஒரு பக்கத்தை மட்டும் சொல்றீங்க. கனடால, ஒன்டாரியோ மாகாணத்துல எங்க சித்தப்பா முழங்கால் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு ஏழு மாசமா காத்திருக்கார். நாங்க போனப்ப, மாடிப்படில ஒவ்வொரு படியா உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி வந்து எங்களை வாங்கன்னு கூப்பிட்டார். எனக்கு இங்கே நாலாம் நாளே எடுத்துட்டாங்க, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கு. 2023லேர்ந்து இங்கே மெடிகேர்ங்கற அரசாங்க இன்சூரன்ஸ்ல இருக்கறவங்களுக்கு ஒரு இன்சுலினுக்கு மாசம் அதிகபட்சம் 35 டாலர்தான். அதையும் சொல்லணும்.

ஸ்காபரோ அக்கா:
கம்பெனி இன்சூரன்ஸ் எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள் தம்பி. வேலை போனால்? எனக்கு இஞ்ச கனடாவில வேலை போய் அடுத்த கிழமைதான் கான்சர் எண்டு சொன்னவை. ஒப்பரேசன் முடிஞ்சு வெளிய வரேக்க நான் கட்டினது கார் பார்க்கிங் காசு மட்டும். இது சும்மா வந்ததில்லை. 1962-ல சஸ்காச்சுவான் மாகாணத்தில டொக்டர்மார் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் அரசாங்கம் எல்லாருக்குமான மருத்துவக் காப்புறுதித் திட்டத்தைக் கைவிடேல்லை. ஆனா வீட்டில எடுக்கிற குளிசைக்கு என்ர வயசில ஓஹிப், அதுதான் ஒன்டாரியோ அரசாங்கக் காப்புறுதி, காசு தராது. வின்சர்க்காரன் அதையும் எழுதியிருக்கலாம்.

பிரம்டன் வாசகன்:
அமெரிக்காவில பஃபலோவுக்குப் போனப்ப அம்மாவுக்கு நெஞ்சுநோ வந்து ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. பில்லைப் பாத்து அப்பா கதிரையில இருந்திட்டார். எல்லாரும் கவனியுங்கோ: வெளிநாட்டு ஆஸ்பத்திரியில படுத்தால் ஓஹிப் நாளுக்கு 400 டாலருக்கு மேல தராது. ஒரு நாள் கடைக்குப் போறதெண்டாலும் பயணக் காப்புறுதி எடுங்கோ. அண்மையில மருந்தின்ர அளவை மாத்தியிருந்தால் காப்புறுதிக்காரரிட்ட முதலே சொல்லுங்கோ, இல்லாட்டி பிறகு காசு தரமாட்டினம். அவையின்ர போன் நம்பரைப் பேப்பரில எழுதிப் பர்சில வையுங்கோ, போனை நம்பவேண்டாம். முடிஞ்சால் ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் காப்புறுதிக்காரருக்குப் போன் அடியுங்கோ.

வின்சர்க்காரன்:
அக்கா, குளிசை விசயம் சரி, விட்டுட்டன். மிச்சிகன் தம்பி, மெடிகேர் 65 தாண்டினவைக்கும் இயலாதவைக்கும்தானே, அந்தப் பொடியனுக்கு 15. உங்கட சித்தப்பாவுக்கு எம்ஆர்ஐ எடுத்தாச்சோ?