லேங்குவேஜ் லேபால் யாருக்காவது மொழி வந்திருக்கிறதா?

மாலை வகுப்பு:
கல்லூரியில் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். ஹெட்போன், கணினி எல்லாம் வைத்துப் புதிதாக லேங்குவேஜ் லேப் போடப் போகிறார்களாம். பசங்களோ வீட்டுப்பாடத்தை அப்படியே கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு எடுத்து வருகிறார்கள். முன்பெல்லாம் அதன் பிரெஞ்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும், 2016-இல் முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்து மொழிபெயர்க்கும் நியூரல் முறைக்கு மாறியதிலிருந்து கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இந்த நிலைமையில் லேபுக்குச் செலவழிப்பது வீண்தானே? டேப் காலத்தில் படித்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பூல்:
இந்த ஆசைக்கு வயது அதிகம் சார். 1957-இல் சோவியத் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்து, கணிதம், அறிவியலோடு அந்நிய மொழிக்கும் பணத்தைக் கொட்டியது. பள்ளிகளில் லேப்கள் முளைத்தன. தடுப்பு வைத்த மேசை, ஹெட்போன், டேப். அது ஒரு வாக்கியம் சொல்லும், இடைவெளி விடும், மாணவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம் சரியான விடை வரும். திரும்பத் திரும்பச் சொன்னால் மொழி பழக்கமாகப் படிந்துவிடும் என்று நம்பினார்கள். (உளவியலாளர் ஸ்கின்னரின் அந்தப் பழக்க வாதத்தை 1959-லேயே மொழியியலாளர் சாம்ஸ்கி கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார், லேப் வாங்கியவர்கள் அதைப் படித்திருக்கவா போகிறார்கள்!) 1960-களின் பிற்பகுதியில் பென்சில்வேனியா பள்ளிகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, லேபில் உட்கார்ந்தவர்கள் மற்றவர்களைவிட ஒன்றும் தேறிவிடவில்லை.

கேசட் காலம்:
முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். நான் பிரெஞ்சு படித்தபோது மீனுக்கும் பானத்துக்கும் உள்ள சொற்களை நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன், இரண்டுமே 'ப்வாஸோன்'! பிரெஞ்சில் மீன் p-யில் தொடங்கும் (poisson), பானம் b-யில் தொடங்கும் (boisson). நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப. கேட்டால் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் வாயில் வரவில்லை, வரவில்லை என்பதே எனக்குத் தெரியாது. லேபில் இரண்டு டிராக் டேப் இருந்தது, ஆசிரியர் குரல் அழியாமல் ஒன்றில் இருக்கும், என் குரல் மற்றதில் பதிவாகும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்ட அன்றுதான், நான் குடிக்க ஏதாவது கேட்கும்போதெல்லாம் மீனைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது புரிந்தது.

ஃபோனே போதும்:
அதற்கு எதற்கு லேப்? ஃபோனில் ரெக்கார்டர் இல்லையா?

பழைய ஸ்பூல்:
இருக்கிறது, யார் கேட்பது? 60 பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் அனுப்பினால் இரண்டு மணி நேரம். லேபில் ஆசிரியர் தன் மேசையிலிருந்தே எந்த மாணவரின் லைனிலும் நுழைந்து, அங்கேயே திருத்திவிடலாம். டேப்பைப் போட்டுவிட்டுப் பேப்பர் திருத்த உட்கார்ந்த ஆசிரியர்களிடம்தான் அது தோற்றது.

மாலை வகுப்பு:
ஐயோ, கடைசி வரி எனக்கேதான். சரி, திங்கட்கிழமை பத்துப் பேரை மட்டும் ஃபோனில் பதிவு செய்யச் சொல்லி, மீனையும் பானத்தையும் வைத்து ஆரம்பிக்கிறேன். தமிழில் எழுதிய நோட்டை முதலில் மூட வேண்டும்.