முதலிடத்துக்காரருடன் மோதல்: மைனஸ் எட்டு போடலாமா?

வணக்கம் மக்களே. இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் இணைய விளையாட்டான ஃபேண்டசி பிரீமியர் லீக்கில் நண்பர்கள் பத்துப் பேர் நேருக்கு நேர் லீக் ஆடுகிறோம்; வாரம் ஒரு எதிராளி, அதிகப் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. இந்த வாரம் எனக்கு வாய்த்தவர் பட்டியலில் முதலிடம், நான் ஒன்பதாவது. போன தடவை அவரிடம் 97-க்கு 41 என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் பின்களத்தில் மூன்று பேருக்குச் சிவப்புக் கொடி, அதாவது இந்த வாரம் ஆட மாட்டார்கள் என்ற குறி. பெஞ்சில் இருக்கும் 4 மில்லியன் விலையுள்ள மலிவு ஆள் இந்த சீசனில் இன்னும் களத்தையே மிதிக்கவில்லை. இலவச மாற்றம் ஒன்றுதான் கையிருப்பு. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி போய்விடும். மூவரையும் மாற்றினால் மைனஸ் 8-ல் தொடங்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் கேப்டன்; கேப்டனாகப் போடும் வீரரின் புள்ளி இரட்டிப்பாகும். எதிராளி எப்போதும் கோல் அடிக்கும் நட்சத்திரம் ஹாலண்டைத்தான் போடுவார். என்னிடமும் ஹாலண்ட் உண்டு, ஆனால் நானும் அவரையே போட்டால் இரட்டைப் புள்ளி இருவருக்கும் சமம், இடைவெளி குறையாது. ஒரு புள்ளியில் தோற்றாலும் அறுபதில் தோற்றாலும் லீக் பட்டியலில் நமக்குப் பூஜ்யம்தானே? அதனால் அவரிடம் இல்லாத ஒருவரைத் துணிந்து கேப்டனாக்கலாமா, இல்லை இந்த வாரத்தைக் கைகழுவிவிட்டு மாற்றத்தைச் சேமிக்கலாமா? அடுத்த வாரம் எதிராளி கடைசி இடத்துக்காரர்.

முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே அணியை மாற்றும் கதவு மூடிவிடும். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.